மணல் யாருடையது?

ஆயர் ஈத்தாம் என்றால் மலாயில் கறுப்புத் தண்ணீர். பினாங்கு மலையிலிருந்து இறங்கும் ஆறு காட்டு இலைகள் ஊறி, நிழலிலேயே ஓடி, கறுப்பாகத் தெரிந்ததால் வந்த பெயர் என்பார்கள். கடலுக்கு அந்தப் பக்கம், பேராக்கில் ஓடும் கிந்தா ஆற்றுக்கு யாரும் நிறப்பெயர் வைக்கவில்லை. வைத்திருந்தால் நூறு வருடங்களுக்கு அது தே தாரிக் நிறம்தான். மேலே மண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தார்கள், கீழே ஆறு அந்த மண்ணைச் சுமந்துகொண்டே இருந்தது.

எங்கள் ஊரில் யாரும் ஈயம் தோண்டவில்லை. ஆனால் ஊருக்குள் நுழைந்து தலையைத் தூக்கினால் கண்ணில் படும் கெக் லோக் சி கோயிலில் ஈயம் இருக்கிறது. 1890களில் தொடங்கி 1905இல் முதற்கட்டம் முடிந்த அந்தக் கோயிலுக்குப் பெரிய நன்கொடை கொடுத்த சீனச் செல்வந்தர்களில் ஒருவர் சுங் கெங் குவீ. லாரூட்டில் ஈயச் சுரங்கங்கள் வைத்திருந்தவர், ஹாய் சான் கூட்டத்தின் தலைவர். 1861 முதல் 1874 வரை லாரூட்டில் நடந்த சண்டைகளில் ஒரு பக்கம் அவருடையது. சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் யாருக்கு என்பதும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம். அந்தச் சண்டையைக் காட்டித்தான் ஆங்கிலேயர் 1874 ஜனவரியில் பங்கோர் உடன்படிக்கையோடு பேராக்கிற்குள் காலை வைத்தார்கள். இன்று சர்ச் ஸ்திரீட்டில் சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ளும் பெரானாக்கான் மாளிகை அவருடைய வீடு.

கல்வெட்டில் தவுக்கே பெயர் இருக்கிறது, கூலிகளின் பெயர் இல்லை என்று எழுதி இங்கேயே முடித்துவிடலாம். நம்மவர்கள் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நியாயமாகத்தான் எழுதினார்கள். என் கேள்வி வேறு. கல்வெட்டில் பெயர் வாங்கியவர்கள் ஈயத்துக்கு உரிமையாளர்கள். அந்த ஈயத்தோடு வெளியே வந்த மணலுக்கு உரிமையாளர் யார்?

கேள்வி கொஞ்சம் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். அதனால் ஈயம் அங்கே எப்படி வந்தது என்பதிலிருந்து போகிறேன்.

கிந்தா பள்ளத்தாக்கின் கிழக்கே தீபகற்பத்தின் நடுமலைத் தொடர், மேற்கே கிளேடாங் மலை. இரண்டும் கருங்கல். ஏறத்தாழ இருபது கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக மேலெழுந்து ஆறி இறுகியவை. ஆறும்போது கடைசியாக மிஞ்சிய சூடான நீர்மங்கள் விரிசல்களில் புகுந்து காசிட்டரைட் என்ற ஈயத் தாதுவை விட்டுச் சென்றன. இரண்டு மலைகளுக்கும் நடுவே தரையில் சுண்ணாம்புக்கல். பிறகு வேலை மழையுடையது. வெப்பமண்டல மழை கருங்கல்லையே களிமண்ணாகவும் மணலாகவும் உதிர்க்கும். உதிர்ந்ததை ஓடைகள் இழுத்து வந்தன. மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸ் தண்ணீரைவிட ஏறத்தாழ 2.65 மடங்கு கனம், காசிட்டரைட் ஏறத்தாழ ஏழு மடங்கு. தண்ணீர் வேகம் குறையும் இடத்தில் கனமானது முதலில் உட்காரும், லேசானது மேலே போய்விடும். சுண்ணாம்புக்கல்லும் சும்மா இருக்கவில்லை. அமில நீரில் கரைந்து குழிகளும் ஊசிமுனைகளுமாக ஆனது. ஒவ்வொரு குழியும் ஒரு பொறி. ஈய மண்ணைக் கழுவ மனிதன் பிற்காலத்தில் கட்டிய பாலோங் என்ற நீண்ட மரச்சாய்வில் குறுக்குச் சட்டங்கள் வைப்பான். பள்ளத்தாக்கின் தரை முழுக்க அந்தச் சட்டங்கள் ஏற்கெனவே இருந்தன.

கலிபோர்னியா ஓடைகளில் பொன் சேர்ந்ததும் இதே முறைதான். பொன் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம் என்பதால் அங்கே பிரிப்பு இன்னும் கூர்மையாக நடந்தது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்குத் தமிழில் நல்ல சொற்கள் இருக்கின்றன. அம்மா அரிசியை இரண்டு சட்டிகளுக்கிடையே தண்ணீரோடு சாய்த்துச் சாய்த்துக் கல்லை அடியில் நிறுத்துவதும் அரிப்பது. மழை மண்ணைக் கரைத்துக்கொண்டு போவதும் அரிப்பது. பட்டறைச் சாம்பலையும் மண்ணையும் கழுவிப் பொன்துகள் எடுப்பவருக்குப் பழைய அகராதியில் அரிப்புக்காரர் என்றே பெயர். முறத்தில் கொழித்துக் குறுநொய் பிரிப்பதும் கொழிப்பது, ஆறு பொன் கொழிப்பதும் கொழிப்பது, செல்வம் கொழிப்பதும் கொழிப்பது. பாறை உடைவது, தண்ணீர் பிரிப்பது, மனிதன் அள்ளிப் பணக்காரனாவது எல்லாம் ஒரே வேலையின் கட்டங்கள் என்று இந்தச் சொற்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் சொத்துச் சட்டங்களுக்குத் தெரியவில்லை.

சொத்துக்கு நியாயம் சொல்லும் வாதங்களில் மிகவும் புழங்குவது ஜான் லாக் 17ஆம் நூற்றாண்டில் சொன்னது. யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றில் என் உழைப்பைக் கலந்தால் அது என்னுடையதாகிறது, மற்றவர்களுக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் மிச்சம் இருக்கும்வரை. கேட்க நன்றாக இருக்கிறது. கிந்தாவில் வைத்துப் பாருங்கள். மலையை உடைத்தது மழை. பிரித்தது ஓடை. பத்திரமாக வைத்தது சுண்ணாம்புக் குழி. கடைசி நூறு வருடங்களில் வந்து அள்ளியவனின் உழைப்பு மொத்த வேலையில் எத்தனை பங்கு? மிச்சம் வைக்கும் நிபந்தனையோ வண்டல் தாதுவில் நிறைவேறவே முடியாது. ஓடை இன்னொரு முறை சேர்த்து வைக்க நாம் யாரும் இருக்கமாட்டோம். அந்த அள்ளும் உழைப்பைக்கூட தவுக்கே கலக்கவில்லை, கலந்தது கூலி. லாக்கைக் கறாராக எடுத்துக்கொண்டால் கிந்தாவில் ஒருவருக்கும் உரிமை தேறாது.

அதனால்தானோ என்னவோ எந்த அரசும் இந்த வாதத்தை நம்பியிருக்கவில்லை. மண்ணுக்கடியில் இருப்பது ஆட்சியாளருடையது, வேண்டுமென்றால் குத்தகை வாங்கு, வரி கட்டு. சுல்தான்கள் காலத்தில் அதுதான், ஆங்கிலேயர் காலத்தில் அதுதான், 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்திலும் கனிமங்கள் மாநில அரசுடையவைதான். எனக்கு இதில் பெரிய மறுப்பு இல்லை. யாரும் செய்யாத ஒன்று எல்லோருக்கும் பொது, பொதுவின் சார்பில் அரசு வைத்திருக்கிறது என்பது தத்துவமாக மோசமில்லை. குத்தகைப் பணம் எங்கே போனது என்பது அடுத்த விஷயம்.

ஆனால் அந்த உரிமையின் கை எவ்வளவு தூரம் நீண்டது என்று பாருங்கள். சுரங்கங்களிலிருந்து தப்பி ஓடும் தாதுவை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று டூலாங் என்ற அகலமான மரத்தட்டில் அரித்தெடுக்கும் பெண்கள் இருந்தார்கள். பெரும்பாலும் சீனப் பெண்கள், அதிலும் ஹக்கா பெண்கள். நீலத் துணி, அகலத் தொப்பி, குனிந்த முதுகு. பழைய புகைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் எடுத்தது இயந்திரம் பிடிக்கத் தவறியது, அதாவது கழிவு. அதற்கும் சுரங்க இலாகா பாஸ் கொடுத்தது. பாஸ் இல்லாமல் ஆற்றில் தட்டைச் சாய்த்தால் குற்றம். விற்கவும் உரிமம் உள்ளவரிடம்தான் போகவேண்டும்.

என் கண்ணில் வண்டல் ஈயத்தின் மேல் உண்மையான உரிமை யாருக்காவது இருந்தது என்றால் அது இந்தப் பெண்களுக்குத்தான். லாக்கின் நிபந்தனைக்கு அருகில் வருவது அவர்கள் மட்டும்: சொந்தக் கை, சொந்த முதுகு, அடுத்தவர் வேண்டாமென்று விட்டது. ஓடை செய்த அதே வேலையைத் தட்டில் செய்தார்கள். அவர்களிடம்தான் சட்டம் சீட்டு கேட்டது.

ஆக, ஆற்றில் தப்பி ஓடும் ஒரு சிட்டிகைத் தாதுவைக்கூட இது இன்னாருடையது என்று பின்தொடரும் அளவுக்கு நீளமான கை. அந்தக் கை மணல் விஷயத்தில் சட்டென்று மடங்கிக்கொண்டது.

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அதில் சில நூறு கிராம் தாது கிடைத்தால் ஈயக் கப்பல் ஓட்டுபவர்களுக்கு அது நல்ல நிலம். மற்றதெல்லாம் மணலும் களிமண்ணும். பேர்தான் ஈயத் தொழில். தோண்டியது, தூக்கியது, கழுவியது, கொட்டியது எல்லாம் மணல். தஞ்சோங் துவாலாங்கில் இன்று காட்சிப்பொருளாக நிற்கும் டிடி5 ஈயக் கப்பல் 1938இல் கட்டியது, 4,500 டன் எடை, 1982 வரை ஓடியது. அத்தனை பெரிய இரும்பு மாளிகை மணலை ஒரு பக்கம் விழுங்கி இன்னொரு பக்கம் துப்புவதற்கு. பத்து காஜாவில் இப்படி ஒரு கப்பலில் வேலை பார்த்த பெரியவரிடம் ஒருமுறை கேட்டேன், கழிவு மணலை என்ன செய்வீங்க என்று. சிரித்தார். "என்னாத்த செய்றது தம்பி? பின்னால கொட்டிகிட்டே முன்னால போவோம். திரும்பிப் பார்க்கற வேல நம்மளுது இல்ல."

கொட்டிய மணல் ஆற்றில் இறங்கி அடிமட்டத்தை உயர்த்தும். ஆறு கரையேறும். சிலாங்கூரில் பழைய குவாலா குபு ஊர் அப்படித்தான் போனது. மேலே ஈயச் சுரங்கங்கள் கழுவிவிட்ட வண்டலில் ஊர் புதைந்து, வெள்ளம் வழக்கமாகி, 1920களில் அரசாங்கம் ஊரையே மேட்டுக்கு மாற்றவேண்டி வந்தது. அதுதான் இன்றைய குவாலா குபு பாரு. ஈயம் விற்ற கம்பெனிக்கு ஈயத்தின் விலை போனது. மணலின் விலையை ஊர்க்காரர்கள் வீடுகளாலும் அரசாங்கம் பொதுப் பணத்தாலும் கொடுத்தார்கள்.

இதே கேள்வி ஒரு நீதிமன்றத்தின் முன் நேராக வந்தது கலிபோர்னியாவில். அங்கே பொன் தேடி மலைச்சரிவுகளையே உயர் அழுத்தக் குழாயால் பீய்ச்சிக் கரைத்தார்கள். கரைந்த சரளை யூபா ஆற்றை நிரப்பி, கீழே மேரிஸ்வில் வட்டார வயல்களை மூடியது. சுரங்கக்காரர்களின் வாதம்: எங்கள் தொழிலைச் சட்டமும் வழக்கமும் ஊக்குவித்தன, பெரும் பணம் போட்டிருக்கிறோம், பொன் நாட்டுக்குத் தேவை. 1884 ஜனவரியில் நீதிபதி லோரென்சோ சாயர் அதை ஏற்கவில்லை. உன் பொன்னை எடுக்கும் உரிமை உன் சரளையால் அடுத்தவன் வயலைப் புதைக்கும் உரிமையைத் தராது என்பது தீர்ப்பின் சாரம். ஒரு நாட்டின் பெரிய தொழில்முறையே அந்தத் தீர்ப்போடு ஏறக்குறைய நின்றுபோனது. எட்டு வருடம் கழித்து, 1892 வாக்கில், அதே நீர்ப்பீச்சு முறை கோப்பெங்கில் தொடங்கியது. நுட்பம் கப்பலேறி வந்தது, தீர்ப்பு வரவில்லை.

இதுவரை சொன்னது வெறும் மணல். கிந்தாவில் இன்னொன்று இருந்தது. ஓடைக்கு ஈயம், பொன் என்ற பேதமெல்லாம் கிடையாது, கனமா லேசா என்பது மட்டும்தான். காசிட்டரைட்டோடு மற்ற கனமான தாதுக்களும் சேர்ந்தே உட்கார்ந்தன: இல்மனைட், சிர்கோன், செனோடைம், மோனசைட். ஈயத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் இந்தக் கருமணலுக்கு அமாங் என்று பெயர். நெடுநாள் அது குப்பை, கொட்டிய இடத்தில் கிடந்தது. பிறகு மோனசைட்டிலும் செனோடைமிலும் அரிய மண் தனிமங்கள் இருக்கின்றன, விலை போகும் என்று தெரிந்ததும் குப்பை சொத்தாகிவிட்டது. அமாங் ஆலைகள் வந்தன. 1982இல் ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலை வந்தது, ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கலின் பங்கோடு. அந்தத் தனிமங்களை எடுத்த பின் மிஞ்சியது தோரியம் கலந்த கழிவு.

அது யாருடையது என்ற கேள்வி வந்ததும் மறுபடியும் கை மடங்கியது. பாபான் என்ற சின்ன ஊரின் அருகே கொட்ட ஏற்பாடானது. 1984இல் பாபான் மக்கள் மறியல் செய்தார்கள். புக்கிட் மேரா மக்கள் 1985இல் நீதிமன்றம் போனார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. அடுத்த மாதமே, எதிர்ப்பு தாங்காமல், ஆலை தானாக மூடுவதாக அறிவித்தது. ஊரில் கண்ட நோய்களுக்கும் ஆலைக்கும் தொடர்பில்லை என்பதே கடைசிவரை நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனாலும் கழிவை அள்ளி கிளேடாங் மலைக்குள் கட்டிய கிடங்கில் வைக்கும் பல ஆண்டு வேலைக்கு மிட்சுபிஷிதான் செலவு செய்தது. அமெரிக்கப் பணத்தில் பத்து கோடி டாலர் அளவு.

என் வாதத்துக்கு முக்கியமான இடம் இதுதான். அமாங் குப்பையாக இருந்தபோது யாருடையதும் இல்லை. விலை வந்ததும் உரிமம், குத்தகை, பங்கு எல்லாம் வந்தன. விலைபோகும் பகுதியை எடுத்ததும் மிச்சம் மீண்டும் யாருடையதும் இல்லை என்றானது, பத்து வருடப் போராட்டம் அதை ஒரு நிறுவனத்தின் தோளில் ஏற்றும்வரை. சொத்து என்று நாம் சொல்வது ஒரு பொருளோடான உறவு அல்ல, அதன் விலையோடான உறவு என்றாகிவிடுகிறது. அப்படியானால் அது உரிமையே அல்ல, பொறுக்கி எடுப்பது மட்டும்தான். மாட்டுக்கு உரிமையாளன் என்றால் பால் மட்டும் என்னுடையது, சாணி ஊருடையது என்று சொல்லமுடியாது. சுரங்கக் குத்தகையில் மட்டும் எப்படிச் சொல்ல முடிந்தது?

இரண்டு எதிர்வாதங்களுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

ஒன்று, அன்றைக்கு யாருக்கும் தெரியாது என்பது. பாலோங் கட்டியவனுக்குத் தோரியம் பற்றி என்ன தெரியும்? உண்மைதான். தெரியாமல் செய்தது பழியைக் குறைக்கும். ஆனால் பழி வேறு, பொறுப்பு வேறு. என் மரம் அடுத்த வீட்டுக் கூரையில் விழும் என்று எனக்குத் தெரியாமல் இருக்கலாம். விழுந்த மரம் அப்போதும் என்னுடைய மரம்தான், வெட்டி அப்புறப்படுத்தவேண்டியவன் நான்தான். தவிர, மணல் ஆற்றை அடைக்கும் என்பது தெரியாத விஷயமா? சாயரின் தீர்ப்பு அச்சில் இருந்தது. குவாலா குபு கண்முன்னே புதைந்துகொண்டிருந்தது.

இரண்டாவது கனமானது. ஈயம் இல்லாவிட்டால் ஈப்போ ஏது, ரயில் ஏது, தண்டவாளம் போட வந்த நம் ஆட்களுக்கு வேலை ஏது? ஒரு காலத்தில் உலக ஈயத்தில் பாதிக்குமேல் மலாயாவிலிருந்து போனது. உணவு டின்களின் பூச்சு அது. கைப்பேசிக்குள் பற்றவைப்பு அது. ஊரில் பாட்டி ரசம் வைத்த ஈயச்சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குத் தெருவில் உட்கார்ந்து ஈயம் பூசியவர் உருக்கியதும் அதுவே. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனைக் கட்டமுடியாமல் சரிந்து விலை பாதியானபோது வேலை போனவர்கள் கம்பெனி முதலாளிகள் அல்ல. பத்து காஜா பெரியவர் போன்றவர்கள்தான். மணலுக்கும் கணக்குக் கேட்டிருந்தால் கப்பல்கள் பலவும் ஓடியே இருக்காது, அவர் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கமாட்டார்கள்.

இதை நான் லேசாக ஒதுக்கமாட்டேன். ஆனால் இந்த வாதம் தோண்டியிருக்கலாம் என்பதைத்தான் நிறுவுகிறது. தோண்டியதன் செலவை ஆற்றங்கரைக்காரன் தலையில் கட்டலாம் என்பதை நிறுவவில்லை. எல்லோருக்கும் நன்மை என்றால் செலவும் எல்லோர் மேலும் பரவியிருக்கவேண்டும். பரவவில்லை. தாது ரயிலிலும் கப்பலிலும் பினாங்குக்கு வந்தது. டத்தோ கெராமாட் சாலை ஆலையில் உருகிக் கட்டிகளாகி உலகம் போனது. பணம் மாளிகையாகவும் கோயிலாகவும் பள்ளியாகவும் இங்கே நின்றது. குட்டைகள் அங்கே நின்றன. ஈப்போவிலிருந்து கம்பார் வரை வெள்ளை மணல் திட்டும் நீலக் குட்டையுமாக மாறி மாறி வருவதை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் அழகு என்பார்கள். அழகுதான். சிலவற்றில் மீன் வளர்க்கிறார்கள், பத்து காஜா பக்கம் சிலவற்றில் நாரைகள் கூடு கட்டுகின்றன.

பினாங்குக்காரர்களாகிய நாம் இதில் வெளியாட்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. தவுக்கேயின் பேரன்மார் கொடுக்கட்டும் என்று விரலை நீட்டுவது சுலபம். இந்த நகரமே அந்தக் கட்டிகளின் மேல் நின்றதுதான். குறைந்தபட்சம் நம் பாரம்பரியப் பலகைகளில், இந்த மாளிகை ஈயத்தால் கட்டியது என்ற வரியை அடுத்து, அந்த ஈயத்தின் மணல் எந்த ஆற்றில் இறங்கியது என்றும் ஒரு வரி எழுதலாம். காசு அதிகம் ஆகாது. அதற்கே எதிர்ப்பு வரும் என்பது எனக்குத் தெரியும்.

பழங்கதை என்று விடவும் முடியாது. அதே மோனசைட் கன்னியாகுமரிக் கரையிலும் கிடக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கயிற்று நாரில் ஒட்டிவந்த மணலிலிருந்து அதை அடையாளம் கண்டார், மணவாளக்குறிச்சியில் தொழில் பிறந்தது. அங்கே அரித்தது ஓடைக்குப் பதில் கடலலை, அவ்வளவுதான் வித்தியாசம். தாது மணல் அள்ளுவதில் நடந்த முறைகேடுகள் வெளியாகி 2013இல் தமிழக அரசு தனியார் அள்ளுவதைத் தடை செய்தது. இப்போது கிள்ளியூர் வட்டாரத்தில் அரசு நிறுவனம் புதிய நிலம் கேட்கிறது, கடலோர ஊர்கள் எதிர்க்கின்றன. தனியார் இல்லை, அரசுதானே என்பதில் எனக்கு ஆறுதல் இல்லை. கிந்தாவிலும் கனிமம் அரசுடையதாகத்தான் இருந்தது. எத்தனை டன் மோனசைட், என்ன விலை, எத்தனை பேருக்கு வேலை என்று திட்ட அறிக்கைகளில் எழுதுவார்கள். ஊர்க்காரர்கள் கேட்கவேண்டியது அதற்கு அடுத்த பக்கத்தை: பிரித்த பிறகு திரும்பக் கொட்டுவது எது, யார் பெயரில் கொட்டுவது, அதன் கதிர்வீச்சை யார் அளப்பார், அளந்ததை யாரிடம் காட்டுவார், எத்தனை வருடத்துக்கு. 1984இல் பாபான் மக்கள் பந்தல் போட்டு உட்கார்ந்தபோது அவர்கள் கையிலும் அந்தப் பக்கம் இருக்கவில்லை.